சங்கு கேட்கும், சொல்தான் கேட்காது

செவிடன் காதில் சங்கு ஊதியது போல என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. எவ்வளவு சொன்னாலும் ஏறாத ஒருவரைக் குறிக்க அதைச் சொல்கிறோம். 2021 முதல் இரண்டு காதுகளிலும் கருவி அணிந்திருக்கும் எனக்கு, அதை முதலில் சொன்னவர் காது மந்தமானவர் யாருடனும் நெருங்கிப் பழகியிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. சங்கின் ஒலி தாழ்ந்தது, தடித்தது, உரத்தது. என்னைப் போன்றவர்களுக்கு அது கருவி இல்லாமலே நன்றாகக் கேட்கும். ஒருவர் அடுத்த அறையிலிருந்து 'சங்கு' என்று சொல்லும்போது அந்தச் சொல்லின் தலையில் இருக்கும் 'ச' மட்டும் எங்களுக்குக் கேட்காது. அது உதிர்ந்துவிட்டால் மிஞ்சுவது 'அங்கு'. அவர் சங்கைக் கேட்க, நாங்கள் அவர் காட்டாத திசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

காது மந்தமாவது என்றால், வானொலியைத் திருகிக் குறைத்தது போல எல்லாமே ஒரே அளவில் மெலிந்து கேட்கும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். வயதாலோ நெடுநாள் இரைச்சலாலோ வரும் குறைவு பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. அது அச்சு தேய்ந்த பக்கத்தைப் படிப்பது போன்றது. சில எழுத்துகள் பளிச்சென்று இருக்கும், சில எழுத்துகள் இருந்த இடமே தெரியாது. உயிரொலிகளின் வலு தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை தப்பித்துவிடுகின்றன. க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகளின் அடையாளம், அதிலும் காற்று உரசி வரும் சகரத்தின் அடையாளம், உயர்ந்த அதிர்வெண்களில் மெலிதாக வந்து கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடுகிறது. ஆகவே ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும், பேசுபவர் யார் என்பதும் அவர் கோபமாக இருக்கிறாரா சிரிக்கிறாரா என்பதும்கூடத் தெரியும். என்ன சொன்னார் என்பது மட்டும் தெரியாது. "கேட்கிறது, ஆனால் புரியவில்லை" என்று நாங்கள் சொல்லும்போது வீட்டார் அதை ஒரு சாக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லும் வாக்கியம் அதைவிட வேறு இல்லை.

நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்குக் கற்பித்தவள். கடைசிச் சில ஆண்டுகளில் பின்வரிசைப் பிள்ளைகள் விடை சொல்லும்போது அறுபதா எழுபதா என்று எனக்குப் பிடிபடாமல் போனது. எழுந்து வந்து கரும்பலகையில் எழுதச் சொல்லிச் சமாளித்தேன். பாடம் நடத்திக்கொண்டே பின்வரிசைக்கு நடந்து போய் நிற்கும் பழக்கமும் வந்தது. பிள்ளைகள் அதைக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள், நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன். வீட்டில் வேறு தந்திரங்கள். மற்றவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். யாராவது முடிக்கும் தொனியில் நிறுத்தினால் தலையசைப்பேன். எல்லாவற்றிலும் மோசமான தந்திரம், நானே விடாமல் பேசிக்கொண்டிருப்பது. நான் பேசிக்கொண்டிருக்கும்வரை கேட்க வேண்டியதில்லை அல்லவா? வாயாடி என்று பெயர் வாங்கிய முதியவர்களில் சிலருக்காவது காதைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

2020இல் எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டபோதுதான் குட்டு உடைந்தது. கட்டு, தட்டு, பட்டு, சட்டு என்ற நான்கு சொற்களில் 'பட்டு' மட்டும் உதடுகள் மூடித் திறந்து பிறக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரியாது. உதடுகள் துணிக்குப் பின்னால் போனதும் ஊரே முணுமுணுப்பாக மாறியது. "அம்மா, சாவி எங்கே?" என்று மகள் கவசத்தோடு வாசலில் நின்று கேட்டதற்கு, ஆவியைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று நான் திருப்பிக் கேட்டதை அவள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள்.

தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ஆமா இல்லையா என்பதும் அந்த வினையின் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேண்டும், வேண்டாம், முடியும், முடியாது, வருவார், வரமாட்டார். பேசுகிறவரின் மூச்சு குறைந்து குரல் இறங்குகிற இடமும் அதுதான். ஆளும் நாளும் இடமும் தெளிவாகக் கேட்டு, அந்த வேலை நடக்குமா நடக்காதா என்பது மட்டும் காற்றில் கரைந்துவிடும். ஒருமுறை தொலைபேசியில் "நாளைக்கு வர வேண்டாம்" என்று சொன்னதை "வர வேண்டும்" என்று கேட்டுக்கொண்டு, பூட்டிய கதவின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். திரும்பி வரும் வழியில்தான் சோதனைக்குப் போவது என்று முடிவெடுத்தேன்.

சோதனை எளிது. ஒலி புகாத சிறு அறை, காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை வெவ்வேறு சுருதிகளில் ஒலி வரும். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் கேட்டவுடன் அழுத்த வேண்டும். முடிவை ஒரு வரைபடமாகத் தருகிறார்கள், ஆடியோகிராம் என்று பெயர். அதில் வலப்பக்கம் போகப் போகச் சுருதி உயரும்; கீழே போகப் போக, நமக்குக் கேட்பதற்கு வேண்டிய ஒலியின் அளவு டெசிபலில் கூடும். கணக்கு டீச்சர் என்பதால் அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. 500 ஹெர்ட்ஸ் வரை கோடு 20 டெசிபலை ஒட்டிச் சமமாகப் போய், 2000 ஹெர்ட்ஸில் 45க்கு இறங்கி, 4000 ஹெர்ட்ஸில் 65இல் விழுந்து கிடந்தது. விளையாட்டுத் திடலின் சறுக்குமரம்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின் வகைப்பாட்டில் 20 டெசிபலுக்குள் கேட்பது இயல்பு. அதற்கு மேல் பதினைந்து பதினைந்து டெசிபலாகக் குறைவின் படிகள் கூடுகின்றன. அதே அறிக்கை, செவித்திறன் குறைவுக்காக மறுவாழ்வு உதவி தேவைப்படுகிறவர்கள் உலகில் சுமார் 43 கோடிப் பேர் என்கிறது. நான் அதுவரை தனியாளாகத்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சறுக்குமரம் ஏன் வலப்பக்கம் சரிகிறது என்பதற்கு உட்செவியின் அமைப்பே காரணம். நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் உண்டு. உயர்ந்த சுருதிகள் நுழைவாயிலுக்கு அருகிலும் தாழ்ந்தவை உள்முனையிலும் பதிவாகின்றன. அங்கே ஒலியலை எவ்வாறு பயணம் செய்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காகத்தான் கியார்க் ஃபொன் பேகேஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அலையை உணர்கிற மயிர்ச்செல்கள் ஒரு காதில் ஏறத்தாழ 15,000தான். கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் கோடிக்கணக்கில் இருப்பதை நினைத்துப் பார்த்தால், காதுக்குக் கிடைத்தது எவ்வளவு சிக்கனமான முதல் என்பது புரியும். பறவைகளுக்கு இந்தச் செல்கள் அழிந்தாலும் மீண்டும் முளைக்கின்றன. நமக்கு முளைப்பதில்லை. வாயிலருகே இருப்பவைதான் பெரும்பாலும் முதலில் சாய்கின்றன.

அப்படியானால் எல்லாவற்றையும் உரக்கச் செய்தால் போதுமே என்று தோன்றும். என் அப்பாவுக்கு அப்படித்தான் செய்தார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி சட்டைப் பையில் இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி காதுக்குப் போகும். 1952இல் டிரான்சிஸ்டர் முதன்முதலாகக் கடைக்கு வந்ததே ஒரு காதுக்கருவிக்குள்தான். அந்த வம்சத்தில் வந்த பெட்டி அது. மைக் சட்டைப் பைக்குள் இருந்ததால், பேரப்பிள்ளைகளைவிடத் தன் சட்டை பேசுவதுதான் அதிகம் கேட்கிறது என்பார் அப்பா. நாங்கள் மெதுவாகப் பேசினால் "கேட்கவில்லை" என்பார், சற்றுக் குரலை உயர்த்தினால் "ஏன் கத்துகிறாய்?" என்பார். அவருக்குப் பிடிவாதம் என்று அப்போது முடிவுகட்டினோம். என் வரைபடம் கைக்கு வந்த பிறகுதான் அவர் சொன்ன இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்திருக்கும் என்று அறிந்தேன்.

நல்ல காதுக்கு மிக மெல்லிய ஒலிக்கும் தாங்க முடியாத ஒலிக்கும் நடுவே சுமார் 100 டெசிபல் இடைவெளி இருக்கிறது. 4000 ஹெர்ட்ஸில் எனக்கு ஒலி கேட்கத் தொடங்குவதே 65இல். ஆனால் தாங்க முடியாத எல்லை அதே அளவுக்கு மேலே நகர்ந்துவிடுவதில்லை. அது ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கிறது. ஆக, நூறு படிகளில் ஏற வேண்டிய ஒலி முப்பத்தைந்து படிகளில் ஏறி முடிக்க வேண்டும். பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டுக்குக் குடிபெயர்வது போன்ற வேலை இது. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கினால் சாமான் கூரையை இடிக்கும். 1990களின் நடுவில் வந்த டிஜிட்டல் கருவிகளும் அவற்றின் வாரிசுகளும் மெல்லிய ஒலியை நிறையவும், நடுத்தர ஒலியைச் சிறிதளவும் உயர்த்தி, உரத்த ஒலியைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகின்றன. இதை ஒவ்வொரு சுருதிப் பட்டையிலும் தனித்தனியே செய்கின்றன. என் தாழ்சுருதிகள் நன்றாக இருப்பதால் அவற்றை என் கருவி தொடுவதே இல்லை. உயர்த்த வேண்டியதை மட்டும் உயர்த்துகிறது.

முதல் நாள் எனக்குப் பிடிக்கவில்லை. நாளிதழைத் திருப்பினால் தகரத்தை மடக்குவது போன்ற ஒலி. குழாயில் தண்ணீர் கொட்டுவதற்கு இவ்வளவு சத்தமா? என் செருப்பு இத்தனை ஆண்டுகளாக இப்படியா இழுத்துக்கொண்டிருந்தது? எல்லாவற்றுக்கும் மேலாக, என் குரல் எனக்கே குடத்துக்குள்ளிருந்து வருவது போல ஒலித்தது. அது பழுது என்று நினைத்துக் கழற்றி வைக்க இருந்தேன். நல்லவேளையாக என்னைப் பார்த்துக்கொண்ட செவித்திறன் நிபுணர் முன்பே எச்சரித்திருந்தார். காதுத் துளை அடைபடும்போது, எலும்பு வழியே வரும் நம் குரலின் தாழ்ந்த ஒலி வெளியேற வழியின்றி உள்ளே முழங்குகிறது. துளைகள் கொண்ட மெல்லிய ரப்பர் முனையை மாற்றிப் போட்டவுடன் அது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

மீதியைக் குறைத்தது என் மூளை. கேட்காமல் போன ஒலிகளை அது பல ஆண்டுகளாகக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டிருந்தது. திடீரென்று திரும்பி வந்தவற்றில் எது முக்கியம், எதை ஒதுக்கலாம் என்று மறுபடியும் பிரித்துப் பழக அதற்குச் சில வாரங்கள் பிடித்தன. விருந்தாளி வந்தால் மட்டும் கருவியை மாட்டிக்கொள்பவர்களுக்கு இந்தப் பழக்கம் வருவதே இல்லை. வீடுகளின் இழுப்பறைகளில் உறங்கும் கருவிகளில் பாதி, முதல் வாரத்தின் இரைச்சலுக்குப் பயந்து உள்ளே போனவையாக இருக்கும் என்பது என் கணிப்பு. காலையில் எழுந்ததும் மாட்டி, குளிக்கவும் உறங்கவும் மட்டும் கழற்ற வேண்டும். அளவுகளைத் திருத்திக்கொள்ள நான் நான்கு முறை திரும்பப் போனேன். அதில் ஒருமுறை, மயிரிழை போன்ற குழாய் மைக்கைக் காதுக்குள் விட்டு, கருவி தரும் ஒலி செவிப்பறையின் அருகில் உண்மையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளந்தார்கள். காதுத் துளையின் நீளமும் வளைவும் ஆளுக்கு ஆள் மாறுவதால், கணினி கணித்ததும் காதில் விழுவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கருவி வாங்குகிறவர்கள் அந்த அளவீட்டைக் கேட்டு வாங்குங்கள். கருவியின் விலையைவிட அதைப் பொருத்தும் கையின் பொறுமை முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, என்ன மாறியது என்று சொல்கிறேன். ஒலிகள் திரும்பி வந்தன என்று எழுதுவது எளிது. குருவி, மழை, வண்டித் திருப்பு விளக்கின் டிக் டிக் எல்லாம் வந்தன. ஆனால் நான் எதிர்பாராத மாற்றம் மாலை நேரத்தில் நிகழ்ந்தது. முன்பெல்லாம் நாலு பேர் கூடிப் பேசிய நாளின் முடிவில் தலை கனத்து, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். வயது என்று நினைத்தேன். உதிர்ந்த எழுத்துகளை உதட்டிலிருந்தும் சூழலிலிருந்தும் ஊகித்து நிரப்பி, நிரப்புவதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட, இரண்டையும் சேர்த்துத் துரத்தும் வேலையை நாள் முழுக்கச் செய்தால் யாருக்கும் தலை கனக்கும். அந்த ஊகவேலை குறைந்ததும் மாலை எனக்கு மிச்சமானது. இரவு எட்டு மணிக்குப் புத்தகம் படிக்கிறேன்.

அடுத்தது உதிரிப் பேச்சு. காது மந்தமானவர்களிடம் வீட்டார் முக்கியமானவற்றை உரக்கத் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். வாயைத் திறந்தாலே கத்த வேண்டியிருப்பதால், முக்கியமில்லாதவற்றைச் சொல்வதை மெல்ல நிறுத்திவிடுவார்கள். "என்ன சொன்னாய்?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை, விடு" என்று பதில் வரும். அந்த ஒன்றுமில்லாதவற்றால்தான் ஒரு நாளே ஆகியிருக்கிறது. கருவி வந்த பிறகு என் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தனக்குள் முனகும் விமரிசனங்கள்கூட எனக்கு எட்டுகின்றன. சிலவற்றுக்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்ததில் அவருக்கு முதலில் திகைப்பு.

இரண்டு காதுகளுக்கும் கருவி வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டிலும் குறைவிருந்தால் வேண்டும் என்பதே என் அனுபவம். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை மற்றதைவிட ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முந்தி அடைகிறது. தலையின் மறைவால் தொலைவான காதில் சற்று மெலிதாகவும் விழுகிறது. அந்தச் சிறு வேறுபாட்டை வைத்தே திசையை அறிகிறோம். ஒற்றைக் கருவியோடு சாலையைக் கடக்கும்போது வண்டி வருவது தெரியும், எங்கிருந்து என்பது தெரியாது.

இவ்வளவு சொன்னதால் கருவி காதைத் திருப்பித் தந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். மூக்குக்கண்ணாடி மங்கலைப் பெரும்பாலும் முழுதாகத் திருத்திவிடுகிறது. காதுக்கருவி ஒலியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, பழுதுபட்ட செல்களின் வாசலில். இரைச்சல் மிகுந்த கூடத்தில் இருபது பேர் ஒரே நேரத்தில் பேசும்போது நான் இன்றும் திணறுகிறேன். முன்னாலிருந்து வரும் ஒலிக்கு முன்னுரிமை தரும் மைக் அமைப்பு ஓரளவு உதவுகிறது. அதைவிட உதவுவது தொலைவைக் குறைப்பது: திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. பேசுகிறவரின் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு மைக் ஒன்றைக் கூட்டங்களுக்கு எடுத்துப் போகிறேன். அவர் பத்து மீட்டருக்கு அப்பால் நின்றாலும் குரல் நேரே என் காதுக்கு வருகிறது. தொலைபேசியும் ப்ளூடூத் வழியே இரண்டு காதுகளிலும் ஒலிப்பதால் அறுபதும் எழுபதும் இப்போது வேறு வேறு எண்கள். வீட்டாருக்கு ஒரு வார்த்தை: கத்த வேண்டாம், அடுத்த அறையிலிருந்து பேச வேண்டாம், முகம் பார்த்துச் சொல்லுங்கள். கத்தும்போது உயிரொலிதான் பெருகுகிறது. எங்களுக்கு வேண்டிய மெய்யொலி அதற்குள் மூழ்கிவிடுகிறது.

கருவி மாட்டினால் மறதி நோய் வராது என்று இப்போது பலர் பேசுகிறார்கள். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2023இல் லான்செட் இதழில் வெளியான அச்சீவ் ஆய்வு, 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது, கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் அறிவுத்திறன் குறையும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறிவுத்திறன் குறையும் ஆபத்து ஏற்கெனவே அதிகமாக இருந்த பிரிவினரில் மட்டும் அந்த வேகம் 48 விழுக்காடு குறைந்திருந்தது. இது நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் உத்தரவாதம் என்று சொல்லிக் கருவி விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். என்னைக் கேட்டால், கருவிக்குக் காரணம் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை; நேற்று பேசியது புரிந்தது என்பது போதுமான காரணம்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருவி செத்துவிட்டது என்று நான் பதறிய தருணங்களில் பாதிக்கு மேல், முனையிலிருக்கும் அரிசி அளவுச் சல்லடையைக் காதுக்குரும்பி அடைத்திருந்தது. அதை மாற்ற ஒரு நிமிடம் போதும். வியர்வையும் ஈரமும் பகை, இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள். மின்னேற்றும் வகை அல்லாமல் துத்தநாக-காற்று பேட்டரி என்றால், ஒட்டுத்தாளை உரித்த பிறகு சில நிமிடங்கள் காற்றுப்பட விட்டு மாட்டினால் நன்கு உழைக்கும். அந்தப் பேட்டரியைக் குழந்தைகள் விழுங்கினால் பேராபத்து, ஆகையால் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஒரே நாளில் அல்லது இரண்டு மூன்று நாள்களுக்குள் ஒரு காது சட்டென்று அடைத்துப்போனால், கருவி தேடிப் போகாமல் அன்றைக்கே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள். அதில் நாள் கடத்துவது கேள்வித்திறனையே இழக்கச் செய்யலாம்.

என் பேரனுக்கு ஆறு வயது. இரகசியங்கள் ஏராளம். முன்பு அவன் காதோடு காதாகக் கிசுகிசுத்தபோது எனக்குச் செய்தி ஓரளவு கேட்டது, வாலில் இருந்த "சொல்லாதே" கேட்கவில்லை. அதைச் சொல்லச் சொல்கிறான் என்று எண்ணி, அவன் அம்மாவிடமே உரக்க ஒப்பித்துவிட்டேன். பல மாதங்கள் என்னிடம் இரகசியம் பேசவில்லை அவன். கருவி வந்த பிறகு மறுபடியும் முயன்றான்; கையைக் குவித்துக் காதுத் துளைக்கு நேரே வாயை வைத்தான். கருவி கீச்சென்று கத்தியது, நான் ஒன்றும் கேட்கவில்லை. கருவியின் மைக் துளைக்குள் இல்லை, காது மடலின் மேற்புறம் இருக்கிறது. கையைக் குவித்தால் உள்ளே போன ஒலி திரும்பி மைக்குக்கே வந்து அலறும். இதை அவனுக்கு வரைந்து காட்டினேன். இப்போது அவன் நாற்காலியில் ஏறி நின்று, என் காதுக்கு மேலே, தலைமுடியிடம் சொல்வது போல இரகசியம் சொல்கிறான். போன வாரம் சொன்னது கொஞ்சம் பெரிய இரகசியம். "அம்மாகிட்ட சொல்லாதே பாட்டி" என்று முடித்தான். கடைசி எழுத்துவரை கேட்டது. அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.